முன் சக்கரம் இல்லாத வண்டி

ஆகஸ்ட் 6, புதன்

இந்த நோட்டு என் அக்கா மகள் முத்துலேகாவுடையது. எட்டாம் வகுப்பு, கணக்கு. இன்று முதல் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. முன்பக்கத்தில் அவள் எழுதியது ஒரு பிள்ளையார் சுழியும் இரண்டு கணக்கும்தான். மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். வீணாக்குவானேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்து எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு நான் நின்றபோது, "அழகுராசு போனா இந்தப் பள்ளிக்கூடத்துக்கே கையெழுத்துப் போச்சு" என்று தலைமையாசிரியர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாத்தூரில் இன்றும் அதைப் பேசுவார்கள்.

நோட்டு என் கைக்கு வந்த கதை இது. பள்ளியிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். அக்கா பஞ்சவர்ணம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். மச்சான் லாரியோடு நாக்பூர்ப் பக்கம். ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நான் போனேன். நான் நுழைந்ததும் வாத்தியார்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரம் பெல் அடித்ததும் உண்மை.

கணக்கு டீச்சர் அருள்மேரி இந்த நோட்டை மேஜையில் போட்டார்.

"நல்லாப் படிக்கிற பிள்ளைங்க இவ. ஒரு மாசமா போர்டப் பாக்குறதே இல்ல. பாடம் நடத்துனா பின்னாடிப் பக்கத்துல படமாப் போட்டுத் தள்ளுறா. கேட்டா முழிக்கிறா. வீட்டுல எதுவும் பிரச்சினையா?"

"பிரச்சினை இல்ல டீச்சர், வம்சம். நான் ஆறு வயசுல சுவத்துல யானை போட்டேன், பாகன் வந்து கூப்புட்டுப் பாத்தான்."

டீச்சர் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர்களுக்குச் சிரிப்பு வராது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று மைக் செட் வேலை இல்லை. அழகுராசு சவுண்ட் சர்வீஸில் இருபத்தொரு கூம்பு ஸ்பீக்கர் உண்டு. தற்போது நான்கு வேலை செய்கிறது. அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் என் கட்டில், அதன் கீழே ஸ்பீக்கர்கள். அங்கே உட்கார்ந்து லேகாவின் படங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் ஆறு தாளில் மயில், கோலம், பூக்கூடை, எங்கள் குச்சு. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்திருக்கிறது. குச்சு என்றால், ஜூன் கடைசியில் பிள்ளை பெரிய மனுஷியானபோது நான் கட்டியது. எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் கட்டித்தர வேண்டும். சடங்கு நாள் வரை பதினாறு நாள் பிள்ளை அதற்குள்ளேயே இருக்க வேண்டும், வாசலைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று அக்கா நம்புகிறாள். நான் கட்டிய குச்சைப் பார்க்க விருதுநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொழுது போகாமல் இருக்கட்டும் என்று இந்த நோட்டையும் ஸ்கெட்ச் பேனாக்களையும் வாங்கித் தந்ததும் நானே.

ஏழாவது தாளிலிருந்து புதுப் பாணி. யானைக்குப் பின்னங்கால்களும் வாலும் இருக்கின்றன, தும்பிக்கை இல்லை. அருள்மேரி டீச்சருக்கு ஒரு கண், ஒரு காது, பாதிக் கொண்டை. கோயில் கோபுரம் நட்டநடுவில் வெட்டியது போல நிற்கிறது. எல்லாமே தாளின் வலது பாதியில். இடது பாதி பளிச்சென்று வெள்ளை.

பெரிய ஓவியர்கள் பாதியை வரைந்துவிட்டு மீதியைப் பார்ப்பவர் புத்திக்கு விட்டுவிடுவார்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம்.

பள்ளி விட்டு வந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, யானைக்குத் தும்பிக்கை எங்க?"

"போட்டுருக்கேனே மாமா." நோட்டை வாங்கி நன்றாகப் பார்த்தாள். "முழுசாத்தான இருக்கு."

கலைஞர்கள் இப்படித்தான் பிடிகொடுக்காமல் பேசுவார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

காளியம்மன் கோயில் ஆடிக் கூழுக்கு நம் செட்தான். கூழ் ஊற்றும் முன் மைக்கைப் பிடித்து, "எனது அக்கா மகள், மாவட்ட அளவில் ஓவியத்தில் முதலிடம் பெறவிருக்கும் முத்துலேகா" என்று மூன்று தடவை அறிவித்தேன். பெறவிருக்கும் என்றுதான் சொன்னேன், பெற்ற என்று சொல்லவில்லை. நான் வார்த்தையில் சுத்தம்.

லேகா வந்து என் சட்டையை இழுத்தாள். "மாமா, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. தலைக்குள்ள இடிக்குது."

வெட்கம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தலைவலி என்று பகல் முழுக்கப் படுத்திருந்தாள். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சடங்குக்கு இருபத்தோரு தட்டு சீர்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச. வச்சது ஒம்பது. நேத்து மைக்குல வேற கத்தி வச்சிருக்க. கண்ணு படாம என்ன செய்யும்?"

"அதான்க்கா. கண்ணேறுதான். வேற எதுவும் கெடையாது."

அக்கா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. "பாத்தியாக்கா, நெடியே இல்ல. அவ்வளவு கண்ணு!" என்றேன். அக்காவுக்கு நிம்மதி. எனக்கும்.

கண்ணேறுதான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஆகஸ்ட் 13, புதன்

மாமன் மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பாருங்கள். மதியம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தவளுக்கு அக்கா தட்டில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் உருளைக்கிழங்கும் வைத்தாள். உருளைக்கிழங்கு என்றால் லேகாவுக்கு உயிர். சோற்றை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, "கெழங்கு வைக்கலியாம்மா?" என்றாள்.

"கண்ணு முன்னால இருக்குதடி, கேலியா பண்ற?"

நான் தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தேன். இடது பக்கம் இருந்த கிழங்கு வலது பக்கம் வந்தது. "அட, இருக்கு!" என்று சிரித்துத் தின்றாள். எனக்காக ஒதுக்கி வைத்திருந்தாள், வெளியே சொல்ல வெட்கப்பட்டு நாடகம் ஆடினாள். அப்படித்தான்.

பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு நம் செட். தாசில்தார் என் மைக்கைத் தட்டிப் பார்த்து, இந்தச் சத்தம் சென்னையில்கூடக் கிடையாது என்றார். தாசில்தாரோ அவருடைய டிரைவரோ.

லேகா மிட்டாய்த் தட்டு ஏந்தி வந்தாள். வலது பக்க வரிசைக்கெல்லாம் கொடுத்தாள். இடது பக்கம் இருந்த பிள்ளைகள் "எங்களுக்கு? எங்களுக்கு?" என்று கத்தினார்கள். அவள் நேரே நடந்து, இடது தோள் கொடிக்கம்பத்தில் மோதி, மிட்டாயெல்லாம் மண்ணில். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எதில் மோதினோம் என்று தெரியாமல் வலது பக்கம் திரும்பித் தேடினாள்.

நான் உடனே மைக்கில் பாட்டைப் போட்டுவிட்டேன். சத்தமாக.

அருள்மேரி டீச்சர் ஸ்பீக்கர் அருகே வந்து காதோடு சொன்னார்: "சார், அவ கண்ண டாக்டர்கிட்டக் காட்டுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நோட்டிலிருந்து ஒரு தாள் தானாகக் கழன்று விழுந்துவிட்டது. பின்னாலிருந்து பதினோராவது தாள். பிரமாதமான படம் என்று சொல்வதற்கில்லை. ஒரு எக்ஸெல் வண்டியின் பின் சக்கரம், கேரியர், அதில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவள் கைகள் முன்னால் நீண்டு கட்டிப் பிடித்திருக்கின்றன. கட்டிப் பிடித்த இடத்தில் ஆள் இல்லை. முன் சக்கரமும் இல்லை. வண்டிக்குக் கீழே கறுப்பு ஸ்கெட்சால் அழுத்தி அழுத்திச் சாலை.

தொலைந்துவிடக் கூடாதே என்று மடித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கண் டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா, லேகா, நான். எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். லேகா ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்துகளை மட்டும் படித்தாள். "முன்னாடி இருக்கிறது?" என்றார் டாக்டரம்மா. "முன்னாடி ஒண்ணும் இல்லியே" என்றாள்.

விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"கண்ணுல கோளாறு இல்ல. பாக்குறது கண்ணு, புரிஞ்சிக்கிறது மூளை. அங்க ஏதோ இருக்கு. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எங்கயாவது விழுந்தாளா? தலையில அடி பட்டுச்சா? பட்டிருந்தா இன்னிக்கே ஸ்கேன் எடுத்தாகணும். இல்லன்னா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தாரேன், அடுத்த வியாழக்கிழமை நரம்பு டாக்டர் பாப்பார்."

"இல்லம்மா. வயசுக்கு வந்த பிள்ள, பதினாறு நாள் குச்சுக்குள்ள பொத்தி வச்சிருந்தேன். அதுக்கப்புறம் வீடு விட்டாப் பள்ளிக்கூடம்" என்றாள் அக்கா.

"நீ சொல்லும்மா. விழுந்தியா?"

லேகா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நல்ல காலண்டர், அருவி படம்.

"இல்ல டாக்டர்" என்றாள் லேகா.

சீட்டு எழுதிக்கொடுத்தார். தலைவலி, வாந்தி எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்து வைக்கச் சொன்னார். "நான் தினமும் எழுதுற ஆளுதான் டாக்டரம்மா" என்றேன். இந்த நோட்டு இனி மருத்துவக் குறிப்பு.

ஆகஸ்ட் 20, புதன்

தலைவலி: காலை, மதியம், மாலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தலைவலி காலையில். பள்ளிக்குப் போகவில்லை. அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். லேகா என்னைக் கட்டிலுக்கு அருகே கூப்பிட்டு ரகசியம் பேசினாள்.

"மாமா, டாக்டரம்மா கேட்டப்ப நா சொல்லவே இல்ல பாத்தீங்களா."

"பாத்தேன்டா தங்கம்."

"சொன்னா உங்க தலை வெடிச்சுரும்ல. உங்க தலையில அடிச்சுல்ல சத்தியம் பண்ணிருக்கேன்."

அது ஒரு விளையாட்டுச் சத்தியம். வாய்க்கால் கரையில் அவள் கையை எடுத்து என் தலையில் வைத்து, "அம்மாகிட்டச் சொன்னா மாமா தலை சுக்குநூறு" என்றேன். பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

"உங்களுக்குத் தலை வலிக்குதா மாமா?"

"எனக்கு எதுக்கு வலிக்கப்போகுது?"

"நேத்து கனவுல சொல்லிட்டேன். அதான் கேட்டேன்."

அப்போதே அந்தச் சத்தியத்தை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா ஈரக் கையோடு உள்ளே வந்து, "என்னடா குசுகுசு?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, ஓவியப் போட்டி விஷயம்" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமைக்கு ஏழு நாள்தானே இருக்கிறது. நரம்பு டாக்டர் பெரிய படிப்புப் படித்தவர். யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? அக்கா என்னைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் போடுவாள். அதுகூடப் பெரிதில்லை. குச்சிலிருந்து பிள்ளை வெளியே போனாள் என்று தெரிந்தால், இனி அந்த வீட்டில் எது நடந்தாலும் அக்கா அதை நினைத்தே சாவாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன். என் குணம் அப்படி.

ஆகஸ்ட் 23, சனி

தலைவலி: விடியும்போதே. வாந்தி: இரண்டு.

கடைக்கு அழைத்துப்போனேன், காற்றாட நடந்தால் சரியாகும் என்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது காலில் மட்டும் செருப்பு. இடது செருப்பு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் மதிய வெயிலில் அவ்வளவு தூரம் வெறும் காலோடு வந்திருக்கிறாள். பாதம் கொப்பளித்திருந்தது.

"சுடலியாம்மா?"

"எது மாமா?"

திரும்பிப் போய்ச் செருப்பைத் தேடினேன். பேருந்து நிலையம் வரை போனேன். கிடைக்கவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், தங்கச் செருப்பு தொலைந்துவிட்டது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறக்கிறாள், மூடுகிறாள். இடது கை தொங்குகிறது. அக்கா அலறியதில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

டியூட்டி டாக்டர் சின்ன வயது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கேட்டார்: "அடி பட்டதா? விழுந்ததா? உண்மையச் சொல்லுங்க."

"இல்ல சார், சத்தியமா இல்ல சார். எம்பிள்ளைக்குக் கண்ணு பட்டுருக்கு" என்றாள் அக்கா.

அப்போது கட்டிலில் கிடந்தபடி, கண் மூடியபடி, லேகா சொன்னாள்: "நா சொல்லல மாமா."

அக்கா திரும்பினாள். "என்னத்தடி சொல்லல?"

"நா சொல்லல. மாமா தலை..."

நான் கட்டில் பக்கம் போய் அவள் வலது கையை எடுத்து என் தலையில் வைத்தேன். "எடுத்துக்க தாயி. சத்தியத்த எடுத்துக்க. மாமாவே சொல்லிர்றேன். மாமாவே சொன்னா ஒண்ணும் ஆகாது" என்றேன். கை நழுவிக் கட்டிலில் விழுந்தது. கேட்டாளா இல்லையா தெரியாது.

பிறகு டாக்டரிடம் சொன்னேன். குச்சில் இருந்தபோது கறுப்பு ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டது. வாங்கித்தர வண்டியில் அழைத்துப்போனேன். ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது, கன்றுக்குட்டி அளவு நாய். சறுக்கிவிட்டோம். பிள்ளை உடனே எழுந்து சிரித்தாள். காயம் ஒன்றுமில்லை.

"எப்ப?"

"ஜூலை ரெண்டாந்தேதி."

"ரெண்டு மாசம் ஆகப்போகுது!" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

அக்கா என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். என்னைப் பார்க்காமலே, சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மொளகா சுத்துனேனே. பக்கத்துலயே நின்னியேடா. நெடி வரலன்னு சொன்னியேடா."

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் வலது பக்கம் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இத்தனை வாரமாகத் தேங்கி, மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறதாம். அதனால்தான் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியவில்லையாம். உடனே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. ஆம்புலன்ஸில் நானும் ஏறப்போனேன். அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள்.

நான் பஸ்ஸில் வந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆஸ்பத்திரி வாசல். வேப்ப மரம், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு.

காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று வாசல் காவலர் சொன்னார். மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுப்பார்களாம். தலைமுடியை மழித்திருப்பார்கள். இரட்டைச் சடை.

மச்சான் லாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார். நின்று நாலு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

டீக்கடைக்காரர் கேட்டார்: "உள்ள யாருண்ணே?"

"அக்கா மக."

"என்னாச்சு?"

என் வாயில் நாய் வந்தது. லாரியும் வந்தது. ஒன்றையும் சொல்லாமல் டீயைக் குடித்தேன்.

நாலரை மணிக்கு முடிந்ததாம். கண் விழிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்கா வாசலுக்கு வந்தாள். இரண்டு நாளாக அதே சேலை. கை நீட்டினாள்.

"நோட்டக் குடு."

"கண் முழிச்சாளாக்கா?"

"டாக்டர் கேக்குறாரு. எந்தப் படத்துல இருந்து பாதி பாதியாப் போட்டான்னு பாக்கணுமாம். விழுந்தப்போ எவ்வளவு நேரம் மயக்கமாக் கெடந்தான்னும் கேக்குறாரு. நீ உடனே எந்திரிச்சிட்டான்னு சொன்ன. அதயும் ஒரு தடவ கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"ஒரு மணி நேரம் குடுக்கா. ஒரு தாள் கழண்டிருக்கு, ஒட்டித் தாரேன்."

அக்கா அந்த வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள், எனக்கு முதுகு காட்டி. அவள் உட்கார்ந்திருக்க, இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஐயாவுக்கு,

பின்னாலிருந்து முதல் ஆறு தாள் விழுவதற்கு முன் வரைந்தது. ஏழிலிருந்து பின் வரைந்தது. பதினோராவது தாளை நான்தான் கிழித்தேன். தானாகக் கழன்றது என்று மேலே எழுதியிருப்பது பொய். இப்போது பொட்டலச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 2, மதியம். அக்கா பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். கறுப்பு ஸ்கெட்சை நானே போய் வாங்கி வந்திருக்கலாம். பிள்ளை, "எட்டு நாளா ஓலையவே பாத்துட்டு இருக்கேன் மாமா, ஒரே ஒரு ரவுண்டு" என்றாள். வாய்க்கால் ரோட்டில் ஆளே இல்லை. நாய் இல்லை. எந்த நாயும் குறுக்கே வரவில்லை. "மாமா கைய விட்டுட்டு ஓட்டுவேன் பாக்குறியா?" என்று கேட்டேன். "வேணாம் மாமா" என்றாள். நான் இரண்டு கையையும் விட்டேன். மேலே தூக்கினேன். ஊருக்குள் பல பேருக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன் என்று சொல்லித் திரிவேன். அன்றுதான் முதல் தடவை.

தலை மதகுக் கல்லில் பட்டது, வலது காதுக்கு மேலே. பிள்ளை சிரிக்கவில்லை. எழவில்லை. வண்டி கவிழ்ந்து கிடந்தது, பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்து நின்றது. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. வாய்க்காலில் இறங்கிக் கையில் தண்ணீர் அள்ளி வந்து அடித்தேன். மறுபடி போய் அள்ளி வந்தேன். மூன்றாவது தடவைக்குத்தான் கண் திறந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். "நாம எங்க மாமா போறோம்?" என்று கேட்டாள். அதையே நாலைந்து தடவை கேட்டாள். வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவி, பின்பக்கமாகக் கூட்டிவந்து குச்சில் விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் சத்தியம் வாங்கினேன். கறுப்பு ஸ்கெட்சை மறுநாள் நான் மட்டும் போய் வாங்கித் தந்தேன்.

இதில் ஒன்றும் கூட்டவில்லை. இருபத்தொரு ஸ்பீக்கரும் பொய், நான்குதான் எப்போதும். தலைமையாசிரியர் அழவில்லை. நான் பள்ளியை விட்டதை அவர் கவனிக்கவே இல்லை. அது உங்களுக்கு வேண்டாத விஷயம். இருந்தாலும் எது பொய், எது நிஜம் என்று நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தகுந்த மருத்துவம் செய்யவும்.

இப்படிக்கு, மு. அழகுராசு, தாய்மாமன்.

(தாய்மாமன் என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.)

ஆகஸ்ட் 29, வெள்ளி

நோட்டு இன்று காலை திரும்பி வந்தது. வார்டு ஆயாம்மா வந்து, "அழகுராசு யாரு?" என்று மரத்தடியில் கேட்டு, கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளாக ஒரு வரி எழுத ஏதும் இல்லாமல் கிடந்தேன். முந்தாநாள் கண் விழித்தாள் என்று காவலர் சொல்லியிருந்தார். இடது கை இன்னும் தூக்க வரவில்லை என்றும், எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாதாம் என்றும் சொன்னார். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி விதி அல்ல. அக்கா விதி.

முன்னாலிருந்து என் எழுத்தும், பின்னாலிருந்து அவள் படங்களும் வந்து வந்து, நடுவில் சில தாள்தான் மிச்சம். அதில் ஒன்றில் புதுப் படம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நீலப் பேனா. கோடு நடுங்கியிருக்கிறது. இருப்பதை இருப்பது போலவே எழுதுகிறேன்.

வலது ஓரத்தில் பின் சக்கரம். கேரியரில் ஒரு மொட்டைத் தலைப் பெண். அவள் கைகள் ஒரு ஆளின் இடுப்பைக் கட்டியிருக்கின்றன. ஆள் இருக்கிறான். பெரிய மீசை, வாய் திறந்திருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறான் போல. அவனுக்கு முன்னால், தாளின் இடது பாதியில், சிவப்பு ஓரக்கோட்டுக்கு நாலு விரல் தள்ளி, முன் சக்கரம். வட்டம் முடியவில்லை. முக்கால் வந்து நின்றுவிட்டது. அதற்கு அந்தப்புறம் வெள்ளை.

அவன் இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிறான். விரல் விரலாக வரைந்திருக்கிறாள். ஒவ்வொரு கையிலும் ஐந்து.

நிழலில் போய் உட்கார்ந்து அந்தப் பத்து விரலையும் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். சத்தியத்தை எடுத்துக்கொள் என்று சொன்னது அவள் காதில் விழவில்லை. இன்னும் என் தலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

படத்துக்குக் கீழே அக்கா கையெழுத்து. எனக்கு என்று எழுதவில்லை. பெயர் இல்லை. சாமான் சீட்டு மாதிரி:

சுடுதண்ணி ஒரு பிளாஸ்க்
இட்லி ரெண்டு, சட்னி காரம் வேண்டாம்
பருத்தித் துண்டு
கறுப்பு ஸ்கெட்ச்

கடைசி வரியை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்.

சுடுதண்ணியையும் இட்லியையும் வாங்கிக் காவலரிடம் கொடுத்தனுப்பினேன். ஸ்கெட்ச் விற்கும் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அப்போது ஏழே கால். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், பின்னால் ஏறுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து போய், மூடிய கடை வாசலில் நின்றேன்.